சோண்டாக் காற்றில் விழித்த ஃபிலோமெனா

பியூனஸ் அயர்ஸ்
8 ஜூலை 1984

தோன் பௌதிலியோ ஓரோஸ்கோ அவர்களுக்கு,

காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடி என்பார்கள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருஷம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் திராட்சைக் கொடியை வெட்டிப் போட்டீர்களே, அன்று முதல் உங்களோடு பேசுவதில்லை என்று இருக்கிறேன். இன்றும் பேசவில்லை. எழுதுவது பேசுவதில் சேராது என்று என் தங்கை ரோசௌரா சொல்கிறாள். அவள் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால்தான் நான் சான் ஹுவானை விட்டு இங்கே வந்து கிடக்கிறேன். படுத்த படுக்கையாக இருந்தாலும் வாய் மட்டும் முறியவில்லை.

விஷயம் இதுதான். என்னிடம் தையல் கற்றுக்கொள்ள வரும் கிரசியேலாவிடம் பின்கட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் மெந்தோசாவில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது சாவியை உங்கள் மனைவி எதெல்வினாவிடம் கொடுத்தாளாம். துணி துவைக்கும் கொட்டகையில் ஓர் ஆப்பிள் பெட்டி இருக்கும். அதில் வைக்கோல், பழைய செய்தித்தாள், அதற்கடியில் ஃபிலோமெனா. மே மாதத்திலிருந்து தூங்குகிறாள். பார்த்தால் செத்தது போல இருப்பாள். சாகவில்லை. தயவுசெய்து அடக்கம் செய்துவிடாதீர்கள்.

அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும். எலி வராமல், பெட்டிக்குள் உறைபனி இறங்காமல் இருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் சாந்தா ரோசா புயல் வந்து போகும் வரை அவளை யாரும் எழுப்பக் கூடாது. எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். எனக்கு ஏழு வயதில் அப்பா காவ்செதே சாலையில் இந்த ஆமையைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்றுவிட்டு இங்கேயே இருந்துவிடு என்று ரோசௌரா அரிக்கிறாள். சோடா வியாபாரி ஒருவன் பாட்டில் கிடங்கு போட என் மனையைக் கேட்கிறான். இங்கே மூன்றாவது மாடி. ஒரு புல் கிடையாது. ஆமை வாழாது. அவளுக்காகத்தான் நான் திரும்பி வந்தாக வேண்டும். அவள் இல்லையென்றால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. மையில் எழுதிவிட்டேன், அழிக்க முடியவில்லை.

எர்மெலிந்தா யகாந்தே


சாந்தா லூசியா, சான் ஹுவான்
15 ஜூலை

தோன்யா எர்மெலிந்தா,

கடிதம் கிடைத்தது. கழுதை நலம்.

கொடியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கொடி என் சுவரை என்னைக் கேட்டுவிட்டா ஏறியது? அதன் பின்னாலேயே குளவிகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த என் மச்சானைக் கண்ணிமையில் கொட்டின, அவன் ஒரு வாரம் ஒற்றைக் கண்ணோடு திரிந்தான். வெட்டினேன். திரும்ப ஏறினாலும் வெட்டுவேன்.

ஆமைக்கு வருகிறேன். நானும் எதெல்வினாவும் போய்ப் பார்த்தோம். நான் விரலால் முதுகோட்டைத் தட்டிப் பார்த்தேன். உடனே இவள், "என்னய்யா, டயரா தட்டிப் பாக்குற? காலைத் தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். ஐஸ் போல இருந்தது. கொஞ்சம் பொறுத்து, மகாராணி மனசு வைத்து, ஒரு நகம் அளவுக்குக் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். எதெல்வினா சிலுவை போட்டுக்கொண்டாள். பஸ் பட்டறையில் இருபது வருஷமாக ஓடாத வண்டிகளோடுதான் குடும்பம் நடத்துகிறேன். ஆனால் இவ்வளவு ஓடாத வண்டியை நான் பார்த்ததில்லை.

பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்காக இல்லை. ஃபிலோமெனா எங்கள் வீட்டுக்குக் குளவி அனுப்பியதில்லை.

சோடாக் கிடங்கு வந்தால் விடியற்காலையில் லாரிச் சத்தம் கேட்கும், அதற்கு உங்கள் தையல் மெஷினே தேவலை என்று எதெல்வினா சொல்கிறாள். அவள் சொன்னதை எழுதினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பௌதிலியோ


பியூனஸ் அயர்ஸ்
5 ஆகஸ்ட்

தோன் பௌதிலியோ,

நன்றி. கொடியைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம், பேசுவதாக இருந்தால்.

சொல்ல மறந்தது ஒன்று. நடுவில் விழித்துவிட்டால் பயப்படாதீர்கள். திரும்ப வைக்கோலுக்குள் வைத்துக் குளிரான மூலையில் தள்ளிவிடுங்கள், தானாகத் தூங்கிவிடுவாள் என்று அப்பா சொல்வார். ஒரு வருஷமும் அதற்குத் தேவை வந்ததில்லை. இந்த வருஷமும் வராது.

சோடாக்காரன் ஒரு தட்டு நிறைய இனிப்பு ரொட்டியோடு இங்கேயே வந்துவிட்டான். "மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கம்மா" என்றான். ரோசௌரா ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டு அவனுக்காக வக்காலத்து வாங்குகிறாள்.

எர்மெலிந்தா


சாந்தா லூசியா
6 ஆகஸ்ட்

தோன்யா எர்மெலிந்தா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். ஃபிலோமெனா விழித்துவிட்டாள். தப்பு என்னுடையது.

சனிக்கிழமை சோண்டா இறங்கியது. குளிர்கால நடுவில் மலையிலிருந்து அடுப்புக் கதவைத் திறந்தது போல வந்து மோதுமே, அதே சனியன். உங்களுக்குத் தெரியாததா? ஊரே செய்வதை நானும் செய்தேன். எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாவற்றின் இடுக்கிலும் ஈரத் துணி அடைத்தேன். பிறகு பாவம் ஃபிலோமெனா தூசியைக் குடிக்கக் கூடாதே என்று உங்கள் கொட்டகைக்கும் போய் ஓர் ஓட்டை விடாமல் அடைத்தேன். எதெல்வினாவின் பழைய பாவாடை ஒன்றே அதற்குப் போதவில்லை. நல்ல வேலை செய்துவிட்ட திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

கொட்டகைக்குத் துத்தநாகத் தகரக் கூரை என்பது என் மண்டையில் ஏறவில்லை. மறுநாளும் வெயில், மறுநாளும் சோண்டா. சாயங்காலம் கதவைத் திறந்தேன். ரொட்டி சுடும் சூளை மாதிரி ஒரு சூடு முகத்தில் அறைந்தது. உள்ளே யாரோ பலகையைப் பிறாண்டும் சத்தம். பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. மகாராணி தலையை நீட்டிக்கொண்டு சுவரோடு சண்டை போடுகிறாள். கண்கள் இரண்டும் ஒட்டிப் போயிருக்கின்றன.

பிளந்த வாயை நான் இன்னும் மூடவில்லை, சோண்டா நின்றது. பின்னாலேயே தெற்குக் காற்று. இரண்டு மின்கம்பம் சாய்ந்தது, தெரு முழுக்க இருட்டு, வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டிவிட்டது. அவளை என் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து சமையலறையில் வைத்திருக்கிறோம். என்ன செய்ய வேண்டும்? உடனே தந்தி கொடுங்கள்.

பௌதிலியோ


தந்தி
பியூனஸ் அயர்ஸ், 10 ஆகஸ்ட்

வைக்கோலில் போடுங்கள். குளிரில் வையுங்கள். உடனே. ஈரத் துணி அடைத்த கையை உடைக்க வேண்டும். எர்மெலிந்தா.


சாந்தா லூசியா
11 ஆகஸ்ட்

தோன்யா எர்மெலிந்தா,

தந்தியும், உங்கள் ஐந்தாம் தேதிக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டிலும் ஒரே உத்தரவு. நான் கேட்கவில்லை. திட்டுவதற்கு முன்னால் காரணத்தைப் படியுங்கள்.

தந்தி வந்ததும் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கோலைப் பரப்பினேன். அவளைத் தூக்கினேன். எதெல்வினா ஏப்ரன் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்றால், குளிரில் கிடந்த வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் பேட்டரியில் இருந்ததில் பாதி அதிலேயே போய்விடும். அதை அப்படியே அணைத்துவிட்டுப் போனால் அடுத்த தடவை சாவியைத் திருப்பும்போது 'கிளிக்' என்று ஒரு சத்தம்தான் வரும். இவள் கொட்டகை முழுக்க நடந்து தீர்த்திருக்கிறாள். மே மாதத்திலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. இதற்கு மேல் தூங்கச் சொன்னால் எதை வைத்து எழுந்திருப்பாள்?

எனக்கு ஆமை தெரியாது. இது தப்பாகவும் இருக்கலாம். "உன் ஆமையா இது? அந்தம்மா ஆமை. அவங்க சொன்னபடி செய்யி" என்றாள் எதெல்வினா. "செத்துப் போச்சுன்னா அவங்க வருவாங்களா, நீயே சொல்லு" என்றேன். அவள் வைக்கோலை எடுத்து அடுப்பில் போட்டாள். இனி திரும்பிப் போக வழியில்லை.

பீச் பழம் கழுவும் தொட்டியில் விரல் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றினோம். மூக்கு முழுகாமல், தாடை வரைக்கும்தான். எதெல்வினா குழந்தைக்குச் செய்வது போல முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் இறக்கினாள். ஃபிலோமெனா கொஞ்ச நேரம் கல்லாகக் கிடந்தாள். பிறகு தலையைக் கீழே விட்டு, தொண்டை ஏறி இறங்க, குடித்தாள் பாருங்கள், கல்யாண வீட்டில் என் மச்சான் கூட அப்படிக் குடித்ததில்லை. எதெல்வினா மூலையில் திரும்பி நின்று அழுதாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குடித்து முடித்ததும் தொட்டி முழுக்கப் பெய்தாள். கூடவே சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஏதோ வந்தது. உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து இருவரும் உறைந்து நின்றோம். இன்னும் கண் திறக்கவில்லை. ஒன்றும் தின்னவில்லை. கீரை கொடுத்தேன், தக்காளி கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த வெள்ளை என்ன?

என்னைத் திட்டுவதாக இருந்தால் அந்த வெள்ளையைப் பற்றி எழுதிவிட்டுத் திட்டுங்கள்.

பௌதிலியோ


பியூனஸ் அயர்ஸ்
16 ஆகஸ்ட்

தோன் பௌதிலியோ,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு பக்கம் திட்டி எழுதினேன். "கழுத்தைத் திருகணும் அந்த ஆளை" என்று சத்தமாகவே சொன்னேன். ரோசௌரா, "தபால்ல கழுத்து திருக முடியாது. கீழ்த் தெருவுல மிருக டாக்டர் இருக்காரு, அவரைப் போய்க் கேளு" என்றாள். நான்கு பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் நாள் முழுக்கப் பணக்காரர்களின் பூனைக்கு நகம் வெட்டுகிறவர். ஆனால் அவர் சிறுவயதில் வீட்டில் ஆமை இருந்ததாம். உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தார். பேட்டரி வந்த இடத்தில் சிரித்தார். பிறகு சொன்னார்: "நல்லா முழிச்சு நடந்த ஆமையைத் திரும்பத் தூங்க வைக்கவே கூடாதும்மா. அந்த ஆள் உங்க பேச்சைக் கேட்டிருந்தா இப்ப உங்க கையில வெறும் ஓடுதான் இருந்திருக்கும்."

இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? குடிக்க வைத்திருந்த மாத்தே தேநீர் ஆறிப் போய்விட்டது. நீங்கள் செய்ததுதான் சரி. என் தந்தி தப்பு. எங்கள் அப்பா சொன்னதும் தப்பு. ஒரு வருஷமும் அதைச் செய்து பார்க்க வேண்டி வராததால் தப்பென்று தெரியாமலே இருந்திருக்கிறோம். நான்கு பக்கத்தையும் டாக்டரின் குப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டேன்.

அந்த வெள்ளை நல்லது. மாதக் கணக்காக உடம்பில் சேர்ந்த உப்பு அது. வெளியே வந்தால் சிறுநீரகம் வேலை செய்கிறது என்று அர்த்தம். தினமும் அதேபோல் குளிப்பாட்டுங்கள். கண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிய்த்துத் திறக்க வேண்டாம். கரண்ட் வந்துவிட்டால் ஒரு பல்பை உயரத்தில் கட்டி வெயில் காட்டுவது போலக் காட்டுங்கள், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். வாயைத் திறந்து எதையும் திணிக்கவே கூடாது. தக்காளி வேண்டாம். என் வீட்டுப் பின்சுவரோரம் சப்பாத்திக் கள்ளி இருக்கிறது, இளம் மடலாகப் பார்த்து முள்ளைச் சுட்டுக் கொடுங்கள். மலையடிவாரத்தில் அவள் ஜாதி தின்பது அதைத்தான்.

அவளாகத் தின்றால்தான் பிழைத்தாள் என்று அர்த்தமாம். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

சோடாக்காரனின் பத்திரம் மேஜைமேல் இருக்கிறது. ரோசௌரா பேனாவுக்கு மை கூட நிரப்பி வைத்துவிட்டாள். ஃபிலோமெனா தின்றால் நான் வீட்டுக்கு வருகிறேன். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். காலி வீட்டைத் திறந்து உள்ளே போக என்னால் ஆகாது.

எர்மெலிந்தா


தந்தி
சான் ஹுவான், 22 ஆகஸ்ட்

தின்றுவிட்டாள். பேனாவை உடையுங்கள். பௌதிலியோ.


சாந்தா லூசியா
22 ஆகஸ்ட்

எர்மெலிந்தா அக்கா,

தந்தியில் ஒரு வார்த்தைக்கு மேல் எழுதக் கை வரவில்லை, கூட இரண்டு வார்த்தை எதெல்வினா சேர்த்தாள். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கள்ளி மடலைச் சுட்டுக் கொடுத்தோம். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் ஒரு கண் திறந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. கருப்பு மணி மாதிரி கண்கள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். உங்களைப் போலவே பார்க்கிறாள் என்று எதெல்வினா சொன்னாள். ஆனால் தின்னவில்லை. தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. காய்கறிக்காரி ஒரு கட்டு சீமைக் காட்டுமுள்ளங்கி இலை கொண்டுவந்தாள். அடுத்த வீட்டு விதவை தன் ஜெரேனியத்தை ஒடித்துக் கொடுத்தாள். என் மச்சான் வந்து, "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க, நீ என்னடான்னா தொட்டில் கட்டித் தாலாட்டுற" என்றான். "குளவி புகுந்த மூஞ்சியை விடவா?" என்று கேட்டாள் எதெல்வினா.

நேற்றைக்கு நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். உங்களுக்கு எப்படி எழுதுவது என்று பட்டறையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டே யோசித்தேன். ஒரு வார்த்தை தேறவில்லை.

இன்று மத்தியானம் நல்ல வெயில். குளிப்பாட்டி முற்றத்தில் விட்டோம். எதெல்வினா மடலை நீட்டாமல், இலைபோல அரிந்து கல்மேல் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். "யாரும் அவளையே உத்துப் பாக்காதீங்க. என்னை யாராவது உத்துப் பாத்தா எனக்கும்தான் இறங்காது" என்றாள். எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பது போல நடித்தோம். காய்கறிக்காரி வானத்தைப் பார்த்தாள். விதவை தன் செருப்பைப் பார்த்தாள். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், அது மட்டும் உண்மை.

ஃபிலோமெனா கழுத்தை நீட்டினாள். மோந்து பார்த்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். வாயைத் திறந்தாள் அக்கா, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. கவ்வினாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. சாறு தாடையில் வழிந்தது. மென்றாள். விழுங்கினாள். பிறகு இன்னொரு கவ்வல்!

அப்புறம் நடந்ததை நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். காய்கறிக்காரி கால்பந்து மேட்சில் கோல் விழுந்தது போலக் கத்தினாள். எதெல்வினா என்னைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்தன்று கூடக் கொடுக்காத முத்தம் ஒன்று கொடுத்தாள். நான் தெருமுனைப் பட்டறைக்கு ஓடி, பழுதுக்கு வந்திருந்த பஸ்ஸில் ஏறி ஹாரனை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். என் மேலாளர் ஓடிவந்து, "பிரேக் போச்சா?" என்று கேட்டார். "ஆமை தின்னுடுச்சு சார்!" என்றேன். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு அவரும் ஏறி ஒரு தடவை அமுக்கினார். தெருவே வாசலில் நின்று கைதட்டியது. இத்தனை களேபரத்திலும் மகாராணி தலையை நிமிர்த்தவில்லை, மடல் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தாள்.

நாம் ஜெயித்துவிட்டோம் அக்கா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. நெஞ்சு முழுக்க.

பௌதிலியோ


பியூனஸ் அயர்ஸ்
30 ஆகஸ்ட்

தம்பி பௌதிலியோ,

இன்று இங்கே சாந்தா ரோசா புயல். ஜன்னல் கண்ணாடி அதிர மழை பெய்கிறது. வழக்கப்படி நான் அவளை எழுப்பியிருக்க வேண்டிய நாள் இது. நீங்களோ அவளை எழுப்பி, குளிப்பாட்டி, ஊரைக் கூட்டி விருந்தும் வைத்துவிட்டீர்கள்.

தந்தி வந்தபோது சோடாக்காரன் இங்கேதான் உட்கார்ந்திருந்தான். நான் படித்தேன். இரண்டாம் தடவை சத்தமாகப் படித்தேன். ரோசௌரா ஊன்றுகோலைக் காற்றில் வீசியதில் விளக்கு மூடி உடைந்தது. அவன் ஒன்றும் புரியாமல் பத்திரத்தை என் பக்கம் நகர்த்தினான். நான் அதை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தேன்.

"ஒரு ஆமைக்காகவாம்மா இவ்வளவு நல்ல விலையை விடுறீங்க?" என்று கேட்டான்.

"அந்தத் தெருவுல ஒரு ஆமை கடிச்சதுக்கு பஸ் ஹாரன் அடிப்பாங்க தம்பி. நீங்க அங்க சோடா பாட்டில் அடுக்கப் போறீங்களாக்கும்?" என்றேன். ஹாரன் விஷயம் உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும், ஆகவே அவனிடம் வேறு ஏதோதான் சொல்லியிருப்பேன். ஆனால் இனிமேல் யார் கேட்டாலும் இப்படிச் சொன்னதாகத்தான் சொல்லுவேன்.

ரோசௌரா மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள், "தரைத் தளத்து வீடுதானே, படி கிடையாதே?" என்று கேட்டாள். புதன்கிழமை பஸ்ஸில் இருவரும் வருகிறோம். அவளுக்குச் சன்னல் சீட்டு வேண்டுமாம்.

எதெல்வினாவின் பாவாடைக்குப் பதில் புதியது ஒன்று தைத்து எடுத்துவருகிறேன்.

உங்கள் அக்கா,
எர்மெலிந்தா


சாந்தா லூசியா
3 செப்டம்பர்

அக்கா,

இது உங்களுக்கு முன்னால் வந்து சேருமா தெரியவில்லை. சேராவிட்டால் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்றிலிருந்து ஃபிலோமெனா எங்கள் முற்றத்தில் நிற்பதில்லை. நாம் சுவர் என்று சொல்லிக்கொண்டிருப்பதன் கடைசியில், வாய்க்கால் பக்கம், ஒரு செங்கல் பெயர்ந்த சந்து இருக்கிறது. நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். அவள் அதில் நுழைந்து உங்கள் பக்கம் போய், சமையலறைக் கதவை நெற்றியால் முட்டிக்கொண்டு நிற்கிறாள். தூக்கி வந்தேன். திரும்பப் போனாள். மறுபடியும் தூக்கி வந்தேன். மறுபடியும் போனாள். எதெல்வினா, "விடுய்யா, அவ வீடு அது" என்றாள்.

விட்டுவிட்டேன். இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். சீக்கிரம் வந்து கதவைத் திறங்கள்.

பௌதிலியோ